வீட்டுக் கடனுக்குத் தரகரா? அவர் யாருடைய ஆள் என்று முதலில் கேளுங்கள்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள் நம் முன்னோர். இடம்பெயர்ந்து, அகதி முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தையிலும் காலம் கழித்த நமக்கு இந்தப் பழமொழியின் பொருளை எவரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஒரே இரவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். வட்டுக்கோட்டை, சங்கரத்தை, சித்தன்கேணி, அராலி மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 1996இல் திரும்பி வந்தபோது பலருக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை. சிலருக்குக் காணி உறுதியும் இல்லை.

போர் முடிந்த பின்னர் வீட்டுத்திட்டங்கள் வந்தன. இந்திய அரசின் உதவியில் 2012இல் விரிவாகத் தொடங்கிய திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. சீமெந்து, மரம், மேசன் கூலி எல்லாம் ஏற, அந்தக் காசோடு வீட்டை முடிக்க முடியாமல் கடன் பட்ட குடும்பங்கள் பல. இன்றும் கடன் தேவைப்படும் சகோதரிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அரைகுறையாய் நிற்கும் வீட்டை முடிக்க வேண்டும். வெளிநாடு போனவர் விற்கும் வீட்டை வாங்க வேண்டும். கூடப்பிறந்தவரின் பங்கை வாங்கிக் காணியை ஒன்றாக்க வேண்டும். கடன் என்று பேச்செடுத்ததும் வாசலில் வந்து நிற்பவர் தரகர்.

"தங்கச்சி, உறுதியையும் அடையாள அட்டையையும் தாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன். நீங்கள் கையெழுத்து வைக்க மட்டும் வந்தால் போதும்."

இந்தச் சொல் கேட்க இதமாக இருக்கும். ஆண் துணை இல்லாத வீட்டில், வங்கிப் படி ஏறிப் பழக்கமில்லாத பெண்ணுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலுக்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே உறுதியைக் கையிற் கொடுக்க வேண்டும்.

தரகர் எப்படிப் பிழைக்கிறார்?

தரகர் எல்லாரும் கெட்டவர்கள் அல்லர். வங்கி கேட்கும் பத்திரங்களை ஒழுங்குபடுத்தி, அலைச்சலைக் குறைத்து, நேர்மையாகக் கூலி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கூலி வாங்குவது குற்றமில்லை. அந்தக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதே நாம் அறிய வேண்டியது.

கடன் கொடுக்கும் கம்பனி அவருக்குக் கமிசன் கொடுக்கலாம். வீட்டை விற்பவர் கொடுக்கலாம். வட்டிக்குக் கொடுக்கும் தனி ஆள் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்கலாம். சில வேளை இரண்டு பக்கத்தாலும் வாங்குவார். கம்பனியிடம் கமிசன் வாங்குபவருக்குக் கூடிய கமிசன் தரும் கம்பனியே நல்ல கம்பனியாகத் தெரியும். கடன் தொகை கூடக் கூட அவர் கமிசனும் கூடும். ஐந்து இலட்சம் போதுமான வீட்டுக்கு "எட்டு எடுங்கோ, பிறகு உதவும்" என்று ஒருவர் சொன்னால், அந்த மூன்று இலட்சம் யாருக்கு உதவும் என்று ஒரு கணம் யோசியுங்கள்.

காசு கொடுப்பவர் நீங்களாக இருந்தாலும் அவர் உங்கள் ஆளாகிவிடுவார் என்றும் சொல்ல முடியாது. வங்கியில் வீட்டுக் கடன் எடுக்கும்போது உறுதியைப் பரிசோதிக்கும் சட்டத்தரணிக்கு உரிய கட்டணம் நம்மிடமே அறவிடப்படும். அவர் பார்ப்பதோ வங்கியின் காசுக்குப் பாதுகாப்பு உண்டா என்பதை. அது அவருடைய கடமை, அதில் பிழை இல்லை. ஆனால் "வங்கிச் சட்டத்தரணி பார்த்தவர்தானே" என்று நாம் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. நமக்காகப் பார்க்க நம்முடைய ஆள் ஒருவர் வேண்டும்.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்?

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம் உறவினர்கள் வீடு வாங்கும்போது ஈட்டுக் கடன் தரகரிடம் போவது சாதாரணம். அங்கே பல வங்கிகளின் கடன்களை ஒப்பிட்டுச் சொல்லும் சுதந்திரமான தரகரும் இருக்கிறார், ஒரு சில வங்கிகளின் கடனை மட்டும் காட்டும் தரகரும் இருக்கிறார். பிரித்தானியாவில் 2004 ஒக்டோபர் 31 முதல் வீட்டுக் கடன் தரகர்கள் நிதிக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி பெற்றே தொழில் செய்ய வேண்டும். தாம் எந்த எந்தக் கடன்களைப் பார்த்து ஆலோசனை சொல்கிறார், தமக்கு யார் பணம் தருகிறார் என்பதை வாடிக்கையாளருக்கு வெளிப்படுத்தவும் வேண்டும். அவுஸ்திரேலியாவில் வங்கித் துறை பற்றிய விசாரணை ஆணைக்குழு 2019இல் அறிக்கை கொடுத்த பின்னர், 2021 ஜனவரி 1 முதல் தரகர் கடன் எடுப்பவரின் நலனையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று சட்டம் ஆக்கினார்கள்.

செல்வம் மிக்க நாடுகளிலேயே தரகரைச் சட்டத்தாற் கட்டிவைக்க வேண்டி வந்திருக்கிறது. நம் ஊரில் தரகரின் அலுவலகம் பெரும்பாலும் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு கைத்தொலைபேசியுந்தான். ஆகவே அங்கே சட்டம் கேட்கும் கேள்விகளை இங்கே நாமே கேட்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

கணக்கென்றால் பயப்பட வேண்டாம். சீட்டுப் பிடித்து, நகை அடகு வைத்து மீட்டு, குடும்பத்தை நடத்திய நமக்கு இது பெரிய காரியமில்லை.

பத்து இலட்சம் ரூபா கடன், பத்து வருடத் தவணை என்று வைத்துக்கொள்வோம். குறைந்து செல்லும் மீதிக்கு ஆண்டு வட்டி 13 வீதமானால் மாதக் கட்டுக்காசு ஏறக்குறைய 14,930 ரூபா. 15 வீதமானால் 16,130 ரூபா. மாதத்துக்கு 1,200 ரூபா வித்தியாசம் சிறிதாகத் தெரியும். பத்து வருடத்தில் அது 144,000 ரூபா. தரகர் தமது கமிசனுக்காக இரண்டு வீதம் கூடிய இடத்துக்கு உங்களைக் கூட்டிச் சென்றால் நீங்கள் இழப்பது இவ்வளவு.

அடுத்தது, "நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாதான் வட்டி" என்ற பேச்சு. ஒரு இலட்சம் எடுத்து ஒரு வருடத்தில் மாதம் மாதம் கட்டி முடிப்பதானால் வட்டி 24,000. மாதம் 10,333 ரூபா கட்ட வேண்டும். மாதம் தவறாமல் முதலும் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்கும் வட்டி வாங்குகிறார்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 41 வீதத்துக்கும் மேலே போய்விடும். ஆகவே வட்டி எத்தனை வீதம் என்பதோடு, "குறைந்து செல்லும் மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்றும் கேளுங்கள்.

வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பதும் முக்கியம். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தனது கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்களுக்கு அப்படியான காலத்தில் கட்டுக்காசும் ஏறும், அல்லது தவணை நீளும். கடன் எடுக்கும் நாளில் இதைச் சொல்லாத தரகர், கட்டுக்காசு ஏறும் நாளில் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

ஈடா, அறுதியா?

சகோதரிகளே, இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத அயலவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

ஈட்டு உறுதி என்பது கடனுக்குக் காணியைப் பொறுப்பு வைப்பது. காணி உங்களுடையதாகவே இருக்கும். தவணை தவறினாலும் கடன் கொடுத்தவர் சட்டப்படி நடவடிக்கை எடுத்தே காணியை விற்பிக்க முடியும். விற்று, கடனும் செலவும் கழித்து மிஞ்சுவது உங்களுக்கு உரியது.

அறுதி உறுதி என்பது விற்பனை. கையெழுத்து வைத்த அன்றே காணி மற்றவருக்குப் போய்விடும்.

வங்கியில் கடன் கிடைக்காத பெண்ணிடம் தனி ஆளின் காசைக் கொண்டு வரும் சில தரகர்கள், "இது சும்மா ஒரு நம்பிக்கைக்கு. காசைத் திருப்பித் தந்தவுடன் காணியைத் திருப்பி எழுதுவினம்" என்று சொல்லி அறுதி உறுதியில் கையெழுத்து வாங்குவதுண்டு. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி பற்றிய விற்பனையோ ஈடோ எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் நிறைவேற்றப்பட வேண்டும். "திருப்பி எழுதுவோம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி அறுதி எழுதிக் கொடுத்த பெண் பிறகு வருடக்கணக்காக வழக்குப் பேச வேண்டி வரும். மூன்று இலட்சம் கடனுக்கு முப்பது இலட்சம் பெறுமதியான சீதனக் காணி போய்விடும்.

ஆகவே நொத்தாரிசு முன்னால் இருந்து வாய் திறந்து கேளுங்கள்: "ஐயா, இது ஈட்டு உறுதியா, அறுதி உறுதியா? எனக்குத் தமிழில் வாசிச்சுச் சொல்லுங்கோ." ஆங்கிலத்தில் எழுதிய உறுதியை விளங்காமல் கையொப்பமிட வேண்டாம். வெற்றுத் தாளிலோ, தொகை எழுதாத காசோலையிலோ ஒருபோதும் கையொப்பமிட வேண்டாம்.

கணவரின் சம்மதம்

வட மாகாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி, 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரிமைப்பேறுக் கட்டளைச் சட்டம் மணமான பெண்ணுக்கு ஒரு தடை வைத்திருக்கிறது. தன் சீதனக் காணியைத்தானும் அவள் விற்கவோ ஈடு வைக்கவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவர் காணாமற் போயிருந்தால், விட்டுப் பிரிந்திருந்தால், இரண்டு வருடத்துக்கு மேலாகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தால் அந்தச் சம்மதத்துக்கு எங்கே போவது?

இந்த இடத்திலேதான் சில தரகர்கள் குறுக்கு வழி காட்டுவார்கள். "அவற்றை கையெழுத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுவம்" என்பார்கள். அது கள்ளக் கையெழுத்து. மாட்டுப்படும்போது உறுதியும் நில்லாது. நீங்களும் குற்றவாளி ஆவீர்கள். வேறு சிலர், "செத்துப்போனார் எண்டு பதிஞ்சால் வேலை லேசு" என்பார்கள். கணவரைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு கடனுக்காக இப்படிச் சொல்வது எவ்வளவு பெரிய கொடுமை!

சட்டத்திலேயே நேர் வழி இருக்கிறது. அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, கணவர் கைவிட்டிருந்தாலும், இருக்குமிடம் தெரியாவிட்டாலும், நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலும் மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து, கணவரின் சம்மதமின்றிக் காணியைக் கையாள அனுமதி பெறலாம். காணாமற் போனோரின் குடும்பங்கள் மரணச் சான்றிதழ் எடுக்காமலே காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. கணவர் இறந்துவிட்டார் என்று உங்கள் மனம் ஏற்காதபோது, எந்தத் தரகருக்காகவும் அப்படி எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கணவர் இறந்தது உறுதியானால் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பெயரிலிருந்த முதுசத்திலும், இருவரும் சேர்ந்து தேடிய தேட்டத்திலும் பிள்ளைகளுக்குப் பங்கு வரும். வயது வராத பிள்ளையின் பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் ஈடு வைக்க முடியாது.

வீடு வாங்குவதானால்

வட்டுக்கோட்டையிலும் அயலிலும் விற்பனைக்கு வரும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அற்றோனித் தத்துவம் வைத்திருப்பவர் ஒருவரே விற்பார். கொடுத்தவர் உயிருடன் இருக்கிறாரா, தத்துவம் பதியப்பட்டதா, இரத்துச் செய்யப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் முடிந்துவிடும்.

காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, அந்தக் காணியில் ஏற்கனவே ஈடு, வழக்கு, வேறு அறுதி ஏதும் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பங்குக் காணியானால், 1947ஆம் ஆண்டின் தேசவழமை முதற் கொள்வனவு உரிமைச் சட்டப்படி பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும். இதைத் தரகர் "பிறகு பாப்பம்" என்று தள்ளிவிட்டால், நீங்கள் வாங்கிய பின்னர் பங்காளர் வழக்கு வைக்கலாம். வாங்கியதும் உறுதியைத் தாமதமின்றிப் பதிவிக்க வேண்டும். பதியாத உறுதி, பின்னர் வந்து முந்திப் பதிந்த உறுதியிடம் தோற்றுப்போகலாம்.

இடப்பெயர்விலே உறுதி தொலைந்தவர்கள் அதற்காகத் தரகருக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படுகிறது. உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர், ஏறத்தாழ ஆண்டு இவை தெரிந்தால் அத்தாட்சிப்படுத்திய பிரதிக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம்.

தரகரிடம் கேட்க வேண்டியவை

1. அண்ணை, உங்களுக்கு யார் காசு தருகினம்? எவ்வளவு? அதை ஒரு தாளில் எழுதித் தாங்கோ.

2. எத்தனை இடத்துக் கடனைப் பார்த்துச் சொல்லுறியள்? ஒரு இடம் மட்டும் என்றால் அவர் அந்த இடத்தின் ஆள்.

3. கடன் கொடுப்பவர் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கியா, நிதிக் கம்பனியா? தனி ஆளானால் அவர் பெயர் என்ன?

4. முழுக் கடனும் கட்டி முடியும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பன்? காப்புறுதி, பத்திரச் செலவு, மதிப்பீட்டுக் கூலி எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கோ.

5. முந்திக் கட்டி முடித்தால் தண்டப் பணம் உண்டா? ஒரு தவணை பிந்தினால் என்ன நடக்கும்?

6. இந்தப் பத்திரங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், என்னுடைய சட்டத்தரணிக்குக் காட்டி, ஒரு கிழமையில் முடிவு சொல்லலாமா?

7. கடன் கிடைக்காவிட்டால் உங்களுக்குத் தந்த காசு திரும்புமா?

ஆறாவது கேள்விக்கு வரும் மறுமொழியைக் கூர்ந்து கவனியுங்கள். "இண்டைக்கே முடிக்க வேணும், நாளைக்கு எண்டால் வட்டி கூடும்" என்று அவசரப்படுத்துபவரை வாசலோடு அனுப்பிவிடலாம். நேர்மையான தரகருக்கு ஒரு கிழமை பெரிய காலமில்லை.

"தெரிந்தவரிடம் எப்படி இப்படிக் கேட்பது?" என்று பலருக்குக் கூச்சம் வரும். தரகர் பெரும்பாலும் ஊரவர், சில வேளை உறவினர். "அண்ணை, உங்களை நம்பாமல் இல்லை. பிள்ளையளுக்கு நாளைக்கு நான் கணக்குச் சொல்ல வேணும், அதுதான் கேக்கிறன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல மனிதர் கோபிக்கமாட்டார்.

தரகர் இல்லாமலும் செய்யலாம்

சங்கானையிலோ யாழ்ப்பாண நகரிலோ குறைந்தது இரண்டு வங்கிகளுக்கு நீங்களே போய், வீட்டுக் கடன் பற்றிய விபரத்தை எழுத்தில் கேளுங்கள். விபரம் கேட்பதற்குக் காசு இல்லை. நீங்கள் அங்கத்தவராயுள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலும், கிராமிய வங்கியிலும் கேட்டு வையுங்கள். சிறிய தொகைக்கு வீட்டை ஈடு வைக்காமலே வழி பிறக்கலாம். தனியே போகப் பயமானால் மாதர் சங்கத்தில் இருந்து ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இருவர் கேட்டால் நால்வர் காதில் விழும்.

உங்கள் பெயரில் ஏற்கனவே என்ன கடன் பதிந்திருக்கிறது என்பதைக் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கலாம். குழுக் கடனில் மற்றவருக்குப் பிணை நின்றதும் அதில் வரக்கூடும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் அதன் நிலையம் உண்டு. காணி, வீட்டுத்திட்டம் பற்றிய ஆலோசனைக்குச் சங்கானையிலுள்ள வலிகாமம் மேற்குப் பிரதேச செயலகத்துக்குச் செல்லலாம்.

நுண்நிதிக் கடனால் நம் பெண்கள் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. 2018இல் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, சில கடன்களுக்கு ஆண்டுக்கு 220 வீதம் வரை வட்டி அறவிடப்பட்டதையும், கடன் அறவிட வந்தவர்கள் பெண்களுக்குக் கொடுத்த தொல்லைகளையும் வெளியே சொன்னார். அதே ஆண்டில் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் கடனை நீக்கும் திட்டத்தை அரசு அறிவித்தது. அந்தக் கடன்களுக்குப் பெரும்பாலும் பிணை நின்றவர்கள் அயல் பெண்கள். வீட்டுக் கடனுக்குப் பிணை நிற்பது வீடே. அது போனால் மீட்டுத் தர எந்தத் திட்டமும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே, சகோதரிகளே, உறுதியை அலுமாரியிலிருந்து எடுக்குமுன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். இந்தத் தரகருக்குக் காசு கொடுப்பவர் யார்? நான் கையெழுத்து வைக்கப்போவது ஈடா, அறுதியா? இந்த இரண்டுக்கும் மறுமொழி எழுத முடியாத வரையில், உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.